கடல் மேற்பரப்பு விரவல்

கடல் மேற்பரப்பு விரவல் என்பது கடலின் மேற்பரப்பில் மிதக்கும் பொருட்கள் நீரோட்டங்களாலும் நீர்ச்சுழல்களாலும் ஒன்றிலிருந்து ஒன்று விலகிப் பரவும் நிகழ்வு ஆகும். எண்ணெய்க் கசிவு, நெகிழிக் குப்பை, மீன் முட்டைகள், கடற்பாசி, விபத்துக்குள்ளான கலங்களின் சிதைவுகள், கடலில் விழுந்த மனிதர் என மிதந்து செல்லும் எதுவும் இந்நிகழ்வுக்கு உட்பட்டதே. ஒரு பொருள் எந்தத் திசையில் செல்லும் என்பது ஒரு கேள்வி. ஒரே இடத்தில் விடப்பட்ட பல பொருட்கள் ஒரு நாளில், ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில் எவ்வளவு பரப்பில் சிதறியிருக்கும் என்பது மற்றொரு கேள்வி. முதலாவது நீரோட்டத்தின் சராசரித் திசைவேகத்தைச் சார்ந்தது. இரண்டாவதே விரவல் அளவீட்டின் பொருளாகும்.

மீட்புப் படகுகள் எவ்வளவு பரப்பில் தேட வேண்டும், எண்ணெய்த் தடுப்பு மிதவைகளை எங்கு கட்ட வேண்டும் என்பன போன்ற முடிவுகள் இந்த அளவீட்டைச் சார்ந்துள்ளன. விரவலைக் குறைத்து மதிப்பிட்டால் தேடும் பரப்பு சிறிதாகி, தேடப்படுபவர் அதற்கு வெளியே இருக்கக்கூடும். மிகைப்படுத்தினால் பரப்பு பெரிதாகி, தேடி முடிக்கும் முன்பே காலம் கடந்துவிடும்.

அடிப்படைக் கருத்துகள்

அசையாத நீரில் ஒரு துளி மையை விட்டால் அது மூலக்கூறுகளின் இயக்கத்தால் மிக மெதுவாகப் பரவும். கடலில் இந்த மூலக்கூற்று விரவலின் பங்கு புறக்கணிக்கத்தக்கது. அங்கே பொருட்களைப் பிரிப்பவை பல அளவுகளிலான சுழல்கள் ஆகும். இச்சுழல்களைப் பொதுவாகப் பின்வருமாறு பிரிப்பர்.

இடைநிலைச் சுழல்கள்: பல பத்து முதல் சில நூறு கிலோமீட்டர் வரை குறுக்களவு கொண்டவை. வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீடிப்பவை.

கீழ்-இடைநிலைச் சுழல்கள்: ஏறத்தாழ 100 மீட்டர் முதல் 10 கிலோமீட்டர் வரையிலானவை. மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ தோன்றி மறைபவை.

சிறு கொந்தளிப்புகள்: அலை, காற்று ஆகியவற்றால் உண்டாகும் சில மீட்டர் அளவிலான சுழிப்புகள்.

இரு மிதவைகள் அருகருகே இருக்கும்போது, அவற்றைவிட மிகப் பெரிய சுழல் ஒன்று இரண்டையும் சேர்த்தே சுமந்து செல்லும். அவற்றுக்கு இடையிலான தூரத்தை அது அதிகம் மாற்றாது. அத்தூரத்துக்கு ஒத்த அளவுடைய சுழல்களே மிதவைகளைப் பிரிக்கும் திறன் மிக்கவை. மிதவைகள் விலக விலக மேலும் பெரிய சுழல்கள் பிரிக்கும் வேலையில் சேர்ந்துகொள்கின்றன. எனவே பரவிய கூட்டம் முன்னிலும் வேகமாகப் பரவுகிறது. இதனாலேயே கடலின் விரவலை ஒரே ஒரு மாறிலியால் குறிப்பிட இயலாது. எவ்வளவு தூர அளவில் அளக்கப்பட்டது என்று சேர்த்துக் கூறினால்தான் விரவல் குணகம் பொருள்படும்.

விரவலை அளக்க இரண்டு அணுகுமுறைகள் உள்ளன. ஒரு மிதவை தான் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பது தனி விரவல் எனப்படும். இரு மிதவைகள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகுகின்றன என்று பார்ப்பது சார்பு விரவல் எனப்படும். கசிந்த எண்ணெயின் பரப்பளவு எவ்வாறு வளரும் என்ற கேள்விக்குச் சார்பு விரவலே நேரடியான விடை தருகிறது.

வரலாறு

தொடக்க காலத்தில் கடலோட்டங்களை அறிய, அஞ்சல் அட்டை இட்டு மூடிய குப்பிகள் கடலில் விடப்பட்டன. மொனாக்கோவின் முதலாம் ஆல்பர்ட் 1885 முதல் 1887 வரை வட அத்திலாந்திக்கில் 1,675 மிதவைகளை விட்டார். அவற்றுள் 227 திரும்பக் கிடைத்தன. இம்முறையில் தொடக்கப் புள்ளியும் இறுதிப் புள்ளியும் மட்டுமே தெரியும். இடையில் மிதவை சென்ற பாதை தெரியாது.

பிரித்தானிய இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1921-ஆம் ஆண்டில் தனி விரவலுக்கான கோட்பாட்டை வெளியிட்டார். ஒரு துகள் தன் பழைய திசைவேகத்தை எவ்வளவு நேரம் 'நினைவில்' வைத்திருக்கிறது என்பதே விரவலைத் தீர்மானிக்கிறது என்று அவர் காட்டினார். அந்த நேரத்தைக் காட்டிலும் மிக நீண்ட காலத்துக்குப் பின், விலகலின் வர்க்கச் சராசரி காலத்துக்கு நேர்விகிதத்தில் வளரும்.

1926-ஆம் ஆண்டில் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் வளிமண்டலத்தில் பல்வேறு அளவுகளில் பெறப்பட்ட தரவுகளை ஒப்பிட்டார். விரவல் குணகம், பரவும் பொருட்களின் இடைத்தூரத்தின் 4/3 அடுக்குக்கு விகிதமாக உயர்கிறது என்று அவர் கண்டார். இது ரிச்சர்ட்சனின் 4/3 விதி எனப்படுகிறது. இவ்விதிப்படி இடைத்தூரம் 1,000 மடங்கானால் விரவல் குணகம் 10,000 மடங்காகும்.

இவ்விதி கடலுக்கும் பொருந்துமா என்று அறிய, ரிச்சர்ட்சனும் அமெரிக்கக் கடலியலாளர் ஹென்றி ஸ்டொம்மலும் ஸ்காட்லாந்தின் லாக் லாங் எனும் கடல்நுழைவில் ஒரு சோதனை செய்தனர். அவர்கள் பயன்படுத்திய மிதவை, கேரட் போன்ற வெளிர்நிறக் கிழங்கான பார்ஸ்னிப்பின் துண்டுகள் ஆகும். கிழங்குத் துண்டு ஏறக்குறைய முழுவதும் நீரில் மூழ்கியே மிதப்பதால் காற்று அதைத் தள்ளுவதில்லை. வெளிர்நிறமாதலால் தொலைவிலிருந்தும் தெரியும். இரு துண்டுகளை நீரில் இட்டு, சிறிது நேரத்தில் அவற்றின் இடைத்தூரம் எவ்வளவு மாறியது என்று அளந்தனர். 1948-இல் வெளியான இவர்களது ஆய்வுக் குறிப்பு, கடலிலும் விரவல் இடைத்தூரத்துடன் அதிகரிக்கிறது என்பதை எளிய முறையில் காட்டியது. காற்றில் அகப்படாத மிதவை, ஒற்றை மிதவைக்குப் பதில் இணைகள் ஆகிய இரு கருத்துகளும் இன்றைய சோதனைகளிலும் தொடர்கின்றன.

1971-இல் அகிரா ஒக்குபோ, கடலில் சாயம் கரைத்துச் செய்யப்பட்ட பல சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்தார். 30 மீட்டர் முதல் 100 கிலோமீட்டர் வரையிலான தூரங்களையும், சில மணி நேரம் முதல் ஒரு மாதம் வரையிலான காலங்களையும் இத்தொகுப்பு உள்ளடக்கியது. இதில் விரவல் குணகம் தூரத்தின் 1.15 அடுக்கிலும், சாயத் திட்டின் பரவற்படி (விலகல்களின் வர்க்கச் சராசரி) காலத்தின் 2.34 அடுக்கிலும் உயர்ந்தன. அதாவது காலம் இரு மடங்கானால் பரவற்படி சுமார் ஐந்து மடங்காகும். நேரடி அளவீடு இல்லாத இடங்களில் இன்றும் ஒக்குபோவின் வரைபடங்கள் முதல் மதிப்பீட்டுக்குப் பயன்படுகின்றன.

அளக்கும் முறைகள்

சாயம்

ரோடமின் போன்ற ஒளிரும் சாயத்தைக் கடலில் விட்டு, அதன் செறிவைப் படகிலிருந்தோ அதன் பரப்பை வானூர்தியிலிருந்தோ அளப்பர். சாயம் நீருடன் கலந்து கீழேயும் செல்வதால், முப்பரிமாண விரவலைக் காட்டும். ஆனால் சில நாட்களில் நீர்த்து மறைந்துவிடும்.

மிதவைகள்

இன்று பரவலாகப் பயன்படும் கடல் மிதவையில் மேலே ஒரு கோளமும், அதிலிருந்து கயிற்றில் தொங்கும் நீர்ப்பாயும் உள்ளன. நீர்ப்பாய் என்பது துளைகள் இட்ட நீண்ட துணிக்குழாய் ஆகும். இதன் மையம் 15 மீட்டர் ஆழத்தில் இருக்கும். கோளத்தின் மீது காற்று செலுத்தும் விசையை விட, நீர்ப்பாயின் மீது நீர் செலுத்தும் விசை மிகப் பெரிது. ஆகவே மிதவை காற்றோடு ஓடாமல் நீரோடு செல்லும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று வீசும்போதும், நீர்ப்பாய் உள்ள மிதவை நீரிலிருந்து நொடிக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே பிறழ்கிறது.

இவ்வகை மிதவைகளை உலகக் கடல்கள் முழுவதும் பரப்பும் பன்னாட்டுத் திட்டம் உலக மிதவைத் திட்டம் ஆகும். இலக்காகக் கொண்ட 1,250 மிதவைகள் என்ற எண்ணிக்கையை இத்திட்டம் 2005 செப்டம்பரில் எட்டியது. மிதவைகள் தம் இருப்பிடத்தையும் கடல்நீரின் வெப்பநிலையையும் செயற்கைக்கோள் வழியாக அனுப்புகின்றன.

எண்ணெய் போன்று மேற்பரப்பின் மேல் ஒரு மீட்டருக்குள் மிதப்பனவற்றை ஆராய 15 மீட்டர் ஆழ நீரோட்டம் உதவாது. அதற்கு, குறுக்காகப் பொருத்திய துணிப்பாய்களைக் கொண்டு மேல் ஒரு மீட்டர் நீருடன் மட்டும் செல்லும் சிறு மிதவைகள் பயன்படுகின்றன. இவற்றில் பொருத்தப்படும் ஜிபிஎஸ் கருவி சில மீட்டர் துல்லியத்தில் இருப்பிடத்தைத் தருகிறது.

கரையோர ரேடார்

கரையில் நிறுவப்படும் உயர் அதிர்வெண் ரேடார், கடலலைகளிலிருந்து எதிரொலித்துத் திரும்பும் ரேடியோ அலைகளின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு மேற்பரப்பு நீரோட்டத்தைக் கணிக்கிறது. ஒரு நிலையம் தன்னை நோக்கிய அல்லது தன்னிலிருந்து விலகும் வேகத்தை மட்டுமே அறியும். எனவே திசையை முழுமையாக அறிய இரு நிலையங்கள் இணையாகச் செயற்பட வேண்டும். இந்தியாவில் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம், ஒடிசா, குஜராத், அந்தமான் ஆகிய கரைகளில் இத்தகைய இணைகளை நிறுவியது. தமிழகக் கரையோர மீனவர் 'நீவாடு' என்று அழைக்கும் நீரோட்டத்தை இக்கருவிகள் வரைபடமாக்குகின்றன.

செயற்கைக்கோள் உயரமானி

கடல்மட்டம் எங்கும் சமமாக இல்லை. மட்டத்தின் சரிவும் புவியின் சுழற்சியும் சேர்ந்து, சரிவுக்குக் குறுக்காக நீரோட்டத்தை உண்டாக்குகின்றன. செயற்கைக்கோளின் ரேடார் உயரமானி கடல்மட்டத்தைச் சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்து இச்சரிவைத் தருகிறது. 1992 ஆகஸ்டில் ஏவப்பட்ட டோபெக்ஸ்/பொசைடன் இத்துறையில் திருப்புமுனையாக அமைந்தது. ஆனால் அதன் அடுத்தடுத்த தடங்கள் நிலநடுக்கோட்டருகே 300 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி கொண்டவை. ஆகவே பெரிய சுழல்கள் மட்டுமே அதற்குப் புலப்பட்டன. 2022 டிசம்பரில் ஏவப்பட்ட சுவாட் செயற்கைக்கோள், கோடாக அல்லாமல் அகன்ற பட்டையாகக் கடல்மட்டத்தை அளப்பதால் சிறிய சுழல்களையும் காட்டுகிறது.

தரவுப் பகுப்பாய்வு

பல மிதவைகளை ஒருங்கே விடும்போது இணைகளின் எண்ணிக்கை விரைவாக உயரும். 300 மிதவைகளிலிருந்து 44,850 இணைகளை உருவாக்கலாம். எனினும் தொடக்கத்தில் நெருக்கமாக இருந்த இணைகளே சிறு சுழல்களைப் பற்றிய செய்தியைத் தரும் என்பதால், மிதவைகளை எந்த அமைப்பில் விடுவது என்பது முக்கியமாகிறது.

எளிய முறையில், ஒவ்வொரு நேரத்திலும் எல்லா இணைகளின் இடைத்தூர வர்க்கத்துக்கும் சராசரி காண்பர். இதில் ஒரு குறை உள்ளது. ஐந்து நாட்களுக்குப் பின் சில இணைகள் 1 கிலோமீட்டர் இடைவெளியிலும், வேறு சில 100 கிலோமீட்டர் இடைவெளியிலும் இருக்கலாம். சராசரி இவ்விரண்டையும் கலந்துவிடும். எனவே மற்றொரு முறையில் காலத்துக்குப் பதில் தூரம் நிலையாகக் கொள்ளப்படுகிறது. இடைத்தூரம் 1 கிலோமீட்டரிலிருந்து 2 கிலோமீட்டர் ஆக எத்தனை மணி நேரம், 10-லிருந்து 20 ஆக எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாகக் கணக்கிடுவர். இதனால் ஒவ்வோர் அளவிலும் பிரிக்கும் வேகம் தெளிவாகிறது.

மெக்சிக்கோ வளைகுடாச் சோதனைகள்

2010 ஏப்ரல் 20-ஆம் நாள் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடையில் வெடிப்பு ஏற்பட்டு 11 பேர் உயிரிழந்தனர். கடலடிக் கிணற்றிலிருந்து 87 நாட்கள் எண்ணெய் கசிந்தது. எண்ணெய் எங்கே செல்லும் என்று முன்கணிக்கப் பயன்பட்ட கணினி மாதிரிகளால், சில கிலோமீட்டருக்கும் குறைவான அளவில் நிகழும் பரவலைச் சோதித்தறிய முடியவில்லை. ஒப்பிடுவதற்குப் போதிய அளவீடுகளே இல்லை என்பது அதற்குக் காரணம்.

இக்குறையை நீக்க, மியாமி பல்கலைக்கழகத்தின் தலைமையிலான ஆய்வுக் குழுவினர் 2012 கோடையில் கசிவு நிகழ்ந்த இடத்தருகே சுமார் 300 மிதவைகளைச் சில நாட்களுக்குள் விட்டனர். கிளாட் என்று அழைக்கப்படும் இச்சோதனையில் மிதவைகள் மும்மூன்றாக, ஏறத்தாழ 100 மீட்டர் இடைவெளியில் விடப்பட்டன. ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை இருப்பிடம் பதிவானது. 2014-இல் வெளியான முடிவுகளின்படி, சில நூறு மீட்டர் முதல் பல பத்து கிலோமீட்டர் வரை விரவல் ரிச்சர்ட்சனின் விதியை ஒத்திருந்தது. உயரமானித் தரவுகளிலிருந்து பெறப்பட்ட நீரோட்டங்களும் அன்றைய கணினி மாதிரியும் சிறு அளவுகளில் உண்மையான விரவலைப் பெரிதும் குறைத்தே காட்டின. பெரிய சுழல்களை மட்டும் கொண்டு சிறு பரவலைக் கணிக்க இயலாது என்பது இதனால் உறுதியானது.

2016 தொடக்கத்தில் நடந்த லேசர் சோதனையில் ஏறத்தாழ 1,000 மட்கக்கூடிய மிதவைகள் பயன்பட்டன. இதில் எதிர்பாராத நிகழ்வொன்று பதிவாயிற்று. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீள அகலமுள்ள பரப்பில் பரப்பப்பட்ட மிதவைகளுள் பாதிக்கு மேற்பட்டவை, ஒரு வாரத்துக்குள் 60 மீட்டர் நீள அகலமுள்ள ஒரே இடத்தில் வந்து குவிந்தன. பரப்பளவு ஓர் இலட்சம் மடங்குக்கு மேல் குறைந்தது. பின்னர் அவை மெதுவாகவே சிதறின.

இவ்வாறு குவிவதற்குக் காரணம் பின்வருமாறு. அடர்த்தி வேறுபட்ட இரு நீர்த்திரள்கள் சந்திக்கும் எல்லையில் மேற்பரப்பு நீர் இரு புறமிருந்தும் வந்து கீழே அமிழ்கிறது. நீர் அமிழலாம், மிதக்கும் பொருளால் அமிழ இயலாது. ஆகவே அது எல்லைக்கோட்டில் தங்கிச் சேர்கிறது. சிறிய அளவில் இதை ஒத்த நிகழ்வை இர்விங் லாங்மியூர் 1938-இல் விளக்கியிருந்தார். காற்றின் திசையில் கடற்பாசி நீண்ட வரிசைகளாகச் சேர்வது அத்தகையதாகும். எனவே கடலின் மேற்பரப்பு, பொருட்களைச் சிதறடிப்பதுடன் சேர்க்கவும் செய்கிறது. சராசரி விரவல் குணகம் இச்சேர்க்கையைக் காட்டாது. எண்ணெயை அள்ளி அகற்றுவோருக்கோ இதுவே பயனுள்ள செய்தியாகும்.

பிழைகளும் வரம்புகளும்

மிதவை என்பது நீரன்று. நீர்ப்பாய் அறுந்துவிட்டால் மிதவையைக் காற்றும் அலையும் எளிதில் தள்ளும். நீர்ப்பாய் உள்ளதா என்பதை உணர மிதவையில் உணரி இருப்பினும், அது எப்போதும் சரியாகச் செயற்படவில்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, உலக மிதவைத் தரவுகளில் தென்பட்ட நீரோட்ட வேக மாற்றங்கள் சில உண்மையானவை அல்ல என்றும், நீர்ப்பாய் இழந்த மிதவைகள் நீர்ப்பாய் உள்ளவையாகக் கணக்கிடப்பட்டதே அதற்குக் காரணம் என்றும் காட்டியது. இதையடுத்துப் பழைய தரவுகள் மீளாய்வு செய்யப்பட்டுத் திருத்தப்பட்டன. கடலின் மாற்றம் என்று கருதப்பட்டது கருவியின் மாற்றமாக இருந்தமைக்கு இது எடுத்துக்காட்டாகும்.

மற்றொரு வரம்பு, குவியும் இடங்களிலேயே மிதவைகள் அதிக நேரம் தங்குவதாகும். அதனால் அவை தரும் தரவு கடல் முழுவதையும் சமமாகக் காட்டுவதில்லை.

பயன்பாடுகள்

தேடலும் மீட்பும்: மிதக்கும் பொருளின் வடிவத்துக்கேற்பக் காற்று அதைத் தள்ளும் அளவு மாறும். நீரில் மிதக்கும் மனிதரும் காற்றடைத்த மீட்புப் படகும் ஒரே இடத்திலிருந்து வெவ்வேறு இடங்களுக்குச் செல்வர். எனவே தேடும் பரப்பு ஒவ்வொரு வகைக்கும் தனியாகக் கணிக்கப்படுகிறது. ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இத்தகைய கணிப்புகளையும் எண்ணெய்க் கசிவு முன்கணிப்புகளையும் வழங்குகிறது.

விமானச் சிதைவுகள்: 2014 மார்ச் 8-ஆம் நாள் காணாமற்போன மலேசிய விமானம் எம்எச்370-இன் இறக்கைப் பாகம் ஒன்று 2015 ஜூலையில் ரியூனியன் தீவில் கரையொதுங்கியது. அது எங்கிருந்து மிதந்து வந்திருக்கும் என்று கணிக்க ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் முதலில் அதன் மாதிரிகளையும், பின்னர் அதே வகை விமானத்தின் உண்மையான இறக்கைப் பாகத்தையும் கடலில் மிதக்கவிட்டனர். உண்மையான பாகம் காற்றின் திசைக்கு இடப்புறமாக விலகி, மாதிரிகளை விட வேகமாகச் சென்றது. ஆகவே கணிப்பு திருத்தப்பட்டது.

நெகிழி மாசு: 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியபோது அதில் சுமார் 1,680 டன் நெகிழிச் சிறுமணிகள் இருந்தன. அவை இலங்கையின் மேற்குக் கரையில் பெருமளவில் ஒதுங்கின. நீர்மட்டத்தில் மிதக்கும் இத்தகைய மணிகளின் பாதையைக் கணிக்க 15 மீட்டர் ஆழ மிதவைகள் போதா; மேற்பரப்புக் காற்றையும் அலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தற்செயல் சோதனைகள்: 1992 ஜனவரியில் வட பசிபிக்கில் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து விழுந்த கொள்கலனிலிருந்து ஏறத்தாழ 28,800 குளியல் பொம்மைகள் கடலில் கலந்தன. அவற்றுள் முதலாவன அதே ஆண்டு நவம்பரில் அலாஸ்காவின் சிட்கா அருகே கரையொதுங்கின. கடலியலாளர்கள் கர்ட்டிஸ் எப்பஸ்மையரும் ஜேம்ஸ் இங்ரகாமும் இவற்றைக் கொண்டு தம் நீரோட்ட மாதிரியைச் சோதித்தனர்.

இவற்றையும் பார்க்க

பெருங்கடல் நீரோட்டம்
கொந்தளிப்பு ஓட்டம்
மூலக்கூற்று விரவல்
கொரியோலிசு விளைவு
எண்ணெய்க் கசிவு